கள்ளுண்ணாமை நட்பியலில் நிற்பது ஏன்?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவதே வழக்கம். விழாக் குழுவினரோ இளைஞரிடையே பெருகிவரும் போதைப் பழக்கத்தையும் வன்முறையையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். மருத்துவரும் காவல்துறையினரும் பேசவேண்டிய பொருளில் இலக்கிய அவைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கையிலுள்ள திருக்குறளிலேயே அது தொடங்குகிறது.

புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையை அங்கே வைக்கவில்லை. அது பொருட்பாலில் 93-ஆம் அதிகாரமாக நிற்கிறது. இயல் பிரிப்பில் உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. பரிமேலழகர் இப்பகுதியை அங்கவியலுள் அடக்குவார். இன்று வழங்கும் பதிப்புகள் பலவும் 79 முதல் 95 வரையுள்ள பதினேழு அதிகாரங்களை நட்பியல் என்று குறிக்கின்றன. பெயர் எதுவாயினும் வரிசை சிந்தனைக்குரியது. நட்பில் தொடங்கி, நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு, இகல், உட்பகை என்று நடந்து, கள்ளுண்ணாமை, சூது ஆகியவற்றைக் கடந்து, மருந்தில் முடிகிறது அவ்வரிசை. இடையே 'பெண்வழிச் சேறல்' நிற்பது குறித்து எனக்கு வள்ளுவரோடு ஒரு வழக்கு உண்டு. அதனை வேறோர் அவையில் வைத்துக்கொள்வோம்.

பகையும் கள்ளும் நட்பைப் பற்றிய பேச்சினுள் வந்து நிற்பானேன்? ஒருவன் யாரோடு சேர்கிறான் என்ற வினாவிலிருந்தே இரண்டும் பிறக்கின்றன என்று கொள்வதில் தவறில்லை. முதற்குவளையைத் தனியே வாங்கிக் குடிப்பவர் அரியர். அதை ஒரு நண்பனே நீட்டுகிறான். அரிவாளும் அவ்வாறே, பதினாறு வயதுச் சிறுவன் கையில் அதைக் கொடுப்பது பெரும்பாலும் அவன் சேர்ந்திருக்கும் கூட்டம்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை ஈண்டு நினைவுகூர வேண்டும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பள்ளி மாணவர் சிலர், உடன்பயின்ற பட்டியல் சமூக மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன் பின்னர்த் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை சரியானதே. ஆனால் அந்தக் கயிறு சிறுவனுக்கு என்ன தருகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 'நீ எங்களவன்' என்று அது கூறுகிறது. வேறெங்கும் அச்சொல்லைக் கேளாத பிள்ளைக்கு அது பெருஞ்செல்வம். சாதிச் செருக்கும் ஒரு போதையே. அதுவும் கூட்டமாகவே பருகப்படுகிறது. கயிற்றை அறுத்த கைக்கு நாம் எதைத் தரப்போகிறோம்?

சட்டத்தால் மட்டும் இதைத் தீர்க்கலாம் என்பாரும் உளர். நம் நாட்டில் அந்த வழி நெடுங்காலமாகச் சோதிக்கப்பட்டுள்ளது. 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் விலக்கப்பட்டு, 1974-இல் மீண்டு வந்து, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்திவருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கடைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நேரத்தைச் சுருக்க வேண்டும் என்ற கோரிக்கைகளை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். ஆயினும் சட்டத்தின் கை எட்டாத இடம் ஒன்றுண்டு.

2019-இல் மத்திய சமூகநீதி அமைச்சகத்திற்காக எய்ம்ஸ் மருத்துவக் கழகம் வெளியிட்ட நாடளாவிய ஆய்வில் மது, கஞ்சா முதலிய ஏனைய போதைப் பொருள்கள் பெரும்பாலானவற்றில் பெரியவர்களே மிகுதியாக இருந்தனர். ஒன்றில் மட்டும் பிள்ளைகள் அவர்களை முந்தினர். அது முகர்ந்து போதையேற்றும் பொருள்கள்: பசை, தின்னர், எழுத்தை அழிக்கும் வெள்ளைத் திரவம் போன்றவை. பெரியவர்களில் 0.58 விழுக்காட்டினர் அவற்றைப் பயன்படுத்த, பத்து முதல் பதினேழு வயதினரில் 1.17 விழுக்காட்டினர் பயன்படுத்தினர். இப்பொருள்கள் மதுக்கடையில் விற்பன அல்ல. பள்ளிக்கு எதிரேயுள்ள எழுதுபொருள் கடையில், வண்ணப்பூச்சுக் கடையில் கிடைப்பவை. எந்தக் கடையை மூடுவது? அதே ஆய்வு மற்றொன்றையும் கூறியது: மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். வந்தபின் மீட்பது இத்துணை அரிதெனில், வருமுன் காப்பதன்றி வேறு வழியில்லை.

வருமுன் காப்பது எவ்வாறு? அறிவுரை கூறி என்பதே நாம் உடனே சொல்லும் விடை. வள்ளுவரோ அவ்வதிகாரத்தின் ஒன்பதாம் குறளிலேயே, குடியில் ஆழ்ந்தவனுக்கு நியாயம் எடுத்துரைப்பதன் பயனின்மையைக் காட்டிவிட்டார். குடிக்கத் தொடங்காதவனிடமாவது அறிவுரை செல்லுமா? இவ்வினாவுக்கு விடை தரும் இரு வேறு முயற்சிகள் அயல்நாடுகளில் நடந்துள்ளன.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'டேர்' என்னும் திட்டம் தொடங்கியது. சீருடையணிந்த காவலர்கள் வகுப்பறைக்கு வந்து, போதையின் தீமையை எடுத்துரைத்து, மறுத்துச் சொல்லப் பயிற்றினர். நாடெங்கும் பரவிய அத்திட்டத்தை ஆய்வாளர்கள் பலமுறை அளந்து பார்த்தனர். அதில் பயின்ற மாணவருக்கும் பயிலாதவருக்கும் இடையே நிலைத்த வேறுபாடு ஏதும் பெரிதாகத் தென்படவில்லை. பின்னர் அதன் பாடத்திட்டமே மாற்றப்பட்டது.

இரண்டாவது, நான்கு லட்சத்தையும் எட்டாத மக்கள்தொகை கொண்ட ஐஸ்லாந்தில் நடந்தது. 1998-இல் அங்கு 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்திற்குள் குடித்து மயங்கியவர்களாக இருந்தனர். 2016-இல் அத்தொகை 5 ஆகக் குறைந்தது. நாள்தோறும் புகைப்போர் 23-இலிருந்து 3 ஆயினர். அந்நாட்டினர் பிள்ளைகளின் மாலைப்பொழுதைக் கவனித்தனர். விளையாட்டு, இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றுக்கான மன்றங்களுக்குப் பொதுப்பணத்தை மிகுதியாகச் செலவிட்டனர். தலைநகர் ரேக்யவிக்கில் அம்மன்றங்களில் சேரும் கட்டணத்திற்கெனக் குடும்பங்களுக்கு உதவித்தொகை அளித்தனர். பெற்றோரைப் பிள்ளைகளுடன் கூடுதல் நேரம் செலவிடத் தூண்டினர். 13 முதல் 16 வயதுவரை உள்ளோர் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் துணையின்றி வெளியே திரியலாகாது என்ற விதியையும் கடைப்பிடித்தனர். பிள்ளைகள் சேர்வதற்கு ஓரிடத்தை அவர்கள் உருவாக்கினர் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். சிறிய, செல்வமிக்க நாட்டின் திட்டத்தை நம் ஊரில் அப்படியே நட்டுவிட முடியாதுதான். ஆயினும் அதன் உட்பொருள் நட்பியலின் உட்பொருளே.

கவிஞர் பெருமக்களே! இப்போது நம்மிடம் வருகிறேன். மாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வெளியேறும் பிள்ளைக்கு நம் ஊரில் எவை திறந்திருக்கின்றன? மதுக்கூடம் திறந்திருக்கிறது. சாதிச் சங்கத்தின் சுவரொட்டிக்கூட்டம் கைநீட்டி அழைக்கிறது. ஒரு தலைவனின் பிறந்தநாளுக்குப் பதாகை கட்டும் கூட்டம் பிரியாணியோடு காத்திருக்கிறது. இலக்கிய வட்டம் திறந்திருக்கிறதா? நம் கூட்டத்தின் முன்வரிசையில் நரைத்த தலைகளே மிகுதி என்பதை இம்மேடையிலிருந்து நோக்கும் எவரும் அறிவர். இளைஞர் வந்தால் நாம் மகிழ்வோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் வந்து, முதல் கவிதையை நடுங்கும் குரலில் படிக்கும்போது, யாப்புப் பிழையை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். மதுக்கூடத்தில் அவனை யாரும் பிழை எண்ணுவதில்லை. தோளில் கைபோட்டு அமர்த்துகிறார்கள்.

மற்றொன்றும் கூறவேண்டும், பொறுத்தருள்க. குடித்தால்தான் கவிதை வரும் என்றொரு மயக்கம் நம்மிடையே உலவுகிறது. சங்கப் புலவர் கள்ளுண்டனரே என்று சான்றும் காட்டுவர். உண்மைதான், அதியமானை இழந்து ஔவையார் பாடிய புறநானூற்று 235-ஆம் பாடலிலும் கள் வருகிறது. ஆனால் அப்பாடல் இரங்குவது கள்ளுக்காக அன்று. பகிர்ந்துண்ட ஒருவன் போய்விட்டானே என்பதற்காக. அங்கேயும் பெரும்பொருள் நட்பே. குடியால் நாம் இழந்த கவிஞர்களின் இரங்கற் கூட்டங்களில், அவர்தம் குடியையே கலைஞனின் இலக்கணமாகப் புகழ்ந்து பேசுவதைப் பதினெட்டு வயது இளைஞன் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அக்கவிஞரின் மனைவி எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று எவரேனும் திரும்பிப் பார்த்ததுண்டா?

ஆகவே இவ்வட்டத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். மாதக் கூட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்றையேனும் அரசு மாணவர் விடுதிகளில் மாலைநேரத்தில் நடத்துவோம். அங்கே நாம் பேசுவதைக் குறைத்து, அவர்களைப் பேசவிடுவோம். நாடகத்திற்கும் கவியரங்கிற்கும் குழு அமைக்கையில் வெவ்வேறு தெருப் பிள்ளைகளை ஒரே குழுவில் சேர்ப்போம். ஒரே நாடகத்தில் நடிக்கும் இருவர் ஒருவர்மேல் ஒருவர் அரிவாள் ஓங்குவது எளிதன்று. மாணவியர் இருட்டுமுன் வீடு திரும்பவேண்டும் என்பதை மறவாது நேரத்தை வகுப்போம். ஒரு பிள்ளை தடுமாறுவது தெரிந்தால் ஊரறியத் தூற்றாது உடனிருப்போம். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய இலவச அழைப்பெண்கள் உள்ளன. அவற்றை நம் அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் அச்சிடுவோம். விழா நாளில் கையில் குவளையோடு மேடையேறும் வழக்கத்திற்கு இடம் தராதிருப்போம்.

இம்மலரில் எழுதியிருப்போர் பெரும்பாலும் வட்டம் தோன்றிய நாளிலேயே எழுதிக்கொண்டிருந்தவர்கள். இருபதாம் ஆண்டு மலரின் பாதிப் பக்கங்களை, இன்று பதினோராம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் எழுதியிருக்க வேண்டும். அவ்வாறு எழுதுவதற்கு அவர்கள் தெளிந்த அறிவோடும், வெட்டுக்காயமும் வழக்குமின்றியும், நம்மிடையே இருக்கவேண்டும். அதற்குரிய வேலையை அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.