முன்சக்கரத்து மூட்டு: நான்கு சக்கர இயக்கத்தின் தொடக்க வரலாறு

நான்கு சக்கரங்களும் எஞ்சின் விசையில் சுழலும் வண்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது 1940-இல் உருவான ஜீப்தான். போர் பெற்றெடுத்த பிள்ளை என்று அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இங்கிலாந்தின் பிராமா ஜோசப் டிப்லாக், நீராவி இழுவை எஞ்சினுக்கான நான்கு சக்கர இயக்கத்துக்குக் காப்புரிமை பெற்றது 1893-இல். எண்ணம் அவ்வளவு பழையது என்றால், அது பெருவழக்காக ஏன் அரை நூற்றாண்டு பிடித்தது? கற்பனைக்கும் தேவைக்கும் அன்று குறைவில்லை. ஒரு மூட்டுதான் சரியாக அமையவில்லை என்பது என் வாதம்.

பின்சக்கரம் பக்கவாட்டில் திரும்புவதில்லை. அதைச் சுழற்ற நேரான தண்டு போதும். முன்சக்கரமோ ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்பட்டுத் திரும்பவும் வேண்டும், திரும்பியபடியே விசையை வாங்கவும் வேண்டும். அன்று கையிலிருந்தது ராபர்ட் ஹூக்கின் பெயரால் அறியப்படும் பழைய யுனிவர்சல் ஜாயின்ட். அது வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். வளைவு கூடக் கூட இந்த உதறலும் கூடும். ஸ்டீயரிங் நடுங்கும், உறுப்புகள் தேயும். 1900-இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே நான்கு சக்கரங்களின் குடத்திலும் மின்மோட்டாரைப் பொருத்தியது இந்தச் சிக்கலையே சுற்றிக்கொண்டு போன வழி. மின்கம்பிக்கு மூட்டு வேண்டியதில்லை அல்லவா? அதற்கு விலையாக மின்கலங்களின் பெரும்பாரத்தை வண்டி சுமந்தது.

1903-இலேயே நெதர்லாந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் பெட்ரோலில் ஓடும் நான்கு சக்கர இயக்கக் காரைச் செய்துவிட்டார்களே, பிறகு மூட்டு எப்படித் தடையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது பந்தயத்துக்கென்று செய்த கார். ஒன்றைச் செய்து காட்டுவது வேறு, பட்டறையில் ஆயிரக்கணக்கில் செய்து, சேற்றில் ஆண்டுக்கணக்கில் ஓடவிடுவது வேறு. அந்த இரண்டாவது வேலையில் கை வைத்தவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான கிளின்டன்வில்லில் இயந்திரப் பட்டறை நடத்திய ஓட்டோ ஸாக்கோவும் அவருடைய மைத்துனர் வில்லியம் பெஸர்டிக்கும். யுனிவர்சல் ஜாயின்ட்டை உருண்டைக் கூட்டுக்குள் அடக்கி, முன் ஆக்ஸிலின் முனையில் பொருத்தினார்கள். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு எஃப்.டபிள்யூ.டி. நிறுவனம் எழுந்தது.

முதல் உலகப்போர் இல்லாவிட்டால் அந்த நிறுவனம் என்ன ஆகியிருக்கும் என்பது அடுத்த மறுப்பு. போர்தான் அதைப் பெரிதாக்கியது என்பதை நான் மறுக்கவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் அதன் மூன்று டன் லாரிகளை ஆயிரக்கணக்கில் வாங்கின. ஆயினும் அமெரிக்க ராணுவம் அந்த வண்டியை நெடுந்தூரம் ஓட்டிச் சோதித்தது 1912-இல், ஐரோப்பாவில் குண்டு வெடிப்பதற்கு இரண்டாண்டு முன்பு. 1913-இல் வந்த ஜெஃப்ரி குவாட் லாரியும் போருக்கு முந்தியதே. அதன் அமைப்பு என் வாதத்துக்கு இன்னும் வலுச் சேர்க்கிறது: வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் கடைசிப் பற்சக்கரத்தைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்தார்கள். பெருக்கம் மூட்டைத் தாண்டிய பிறகே நடப்பதால், மூட்டின்மேல் விழும் முறுக்கு குறைந்தது. பலவீனம் எங்கே என்று அறிந்தவர்கள் செய்த வேலை இது. ஆக, போர் வாங்கியது ஏற்கெனவே செய்து முடித்த சரக்கை.

உதறலுக்கு முழுத் தீர்வு 1920-களில்தான் வந்தது. பிரான்சில் ஃபெனாயும் கிரெகுவாரும் டிராக்டா மூட்டைச் செய்தார்கள். அமெரிக்காவில் கார்ல் வெய்ஸும் ஆல்ஃபிரெட் ஜெப்பாவும், எவ்வளவு வளைந்தாலும் வேகம் மாறாதபடி குண்டுகள் வழியே விசையைக் கடத்தும் மூட்டுகளைச் செய்தார்கள். இவையெல்லாம் தயாராக இருந்ததால்தான் பான்டம் நிறுவனம் 1940-இல் ஏழே வாரங்களில் ஜீப்பின் முதல் மாதிரியை நிறுத்த முடிந்தது. போர்க்கால ஜீப்புகளின் முன் ஆக்ஸிலைப் பிரித்தால் ஒரே வகை மூட்டு இருக்காது. ஒன்றில் வெய்ஸ், இன்னொன்றில் ஜெப்பா, வேறொன்றில் டிராக்டா. எந்த ஒரு தொழிற்சாலையாலும் ஈடுகொடுக்க முடியாத தேவை அது. நான்கு சக்கரங்களும் திரும்பும் ஜீப் வேண்டும் என்ற யோசனையை ராணுவக் கொள்முதல் பிரிவு எதிர்த்ததற்கும் இதுவே ஒரு காரணம்: அதற்கு வண்டிக்கு இரண்டல்ல, நான்கு மூட்டுகள் வேண்டியிருந்திருக்கும்.