ஒரே பாறை, இரண்டு கோயில்



நம்ம திருமயம் மலையைப் பாருங்க. ஒரே பாறையைக் குடைந்துதான் சிவனுக்கும் பெருமாளுக்கும் கோயில் எடுத்திருக்கிறார்கள். நம் உடம்பும் அப்படித்தான். கண்ணிலும் தோலிலும் ஈரலிலும் ஒரே டி.என்.ஏ. கட்டடத்துக்கு வரைபடக் கட்டு ஒன்றுதான். கொத்தனார் விரிக்கிற தாள் வேறு, எலக்ட்ரீஷியன் விரிக்கிற தாள் வேறு. செல்லும் தனக்கு வேண்டிய மரபணுவை மட்டும் விரித்து, மற்றதை மடித்து வைக்கிறது.

என் சைட்டில் ஒரு கொத்தனாரின் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது. கருவிழி ஓரத்து மூலச்செல்கள் வெந்துபோயின. வெள்ளை விழியின் மேல்படலம் ரத்தக்குழாயோடு வளர்ந்து கருவிழியை மூடியது. அதிலும் அவருடைய டி.என்.ஏ.தான், விரித்த தாள்தான் வேறு. அந்தக் கண்ணில் பார்வை மறைந்தது.

இதற்கு ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் 2001-இல் ஒரு சிகிச்சை தொடங்கினார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, கெட்ட கண்ணில் பதிப்பார்கள். இரண்டு கண்ணும் வெந்திருந்தால் எங்கிருந்து எடுப்பது?

தம்பிகளா, கண்ணாடி போடாமல் யாரையும் சுண்ணாம்பு குழைக்க விடாதீங்க. தெறித்தால் உடனே நல்ல தண்ணீரில் விடாமல் கழுவுங்க, பிறகுதான் ஆஸ்பத்திரி. அன்றைக்குக் கண்ணாடியும் இல்லை. கழுவச் சொல்ல எனக்குத் தெரியவும் இல்லை.