தேரியும் கரிசலும்



திருச்செந்தூருக்கு மேற்கே, குதிரைமொழித் தேரி என்னும் மணல் மேட்டில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். செக்கச் செவேலென்று இருக்கும். இறுக்கிப் பிடித்தாலும் விரலிடுக்கில் ஒழுகிவிடும். அதே தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் மழைக்கு மறுநாள் நடந்து பாருங்கள். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் அடை அடையாக மண் ஏறிக் கால் கனத்துவிடும்.

இரண்டுக்கும் மூலம் பாறைதான். கருங்கல்லை உடைத்தால் கண்ணாடிச் சில்லுபோல மின்னுவது குவார்ட்ஸ். வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவது ஃபெல்ஸ்பார். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் விழுகிறது. அது காலங்காலமாக அரித்து ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்கிவிடும். குவார்ட்ஸ் மசியாது. உதிர்ந்து, உருண்டு, மணலாக மிஞ்சும்.

தேரி மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். பிறகு சிவப்பு எப்படி வந்தது? ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அது படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அந்த மணலை லாரியில் அள்ளிப் போவதைக் கண்டால் மனசு பதைக்கிறது. ஏனென்றால், மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக மழை நேரே கீழே இறங்கித் தங்கும் இடம் அது. தேரிக்குள் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கரிசலின் களித்துகளோ, ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைவிடச் சிறியது. உள்ளே ஏடு ஏடாக அடுக்கியது போன்ற அமைப்பு. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேல்மண் அந்த வெடிப்பில் சரியும். மழை பெய்ததும் உள்ளே உப்பிய மண் மேலே தள்ளும். தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண்! மானாவாரிப் பருத்தி விளைவது இந்த ஈரப்பிடிப்பால்தான். அங்கே கட்டிய வீட்டுச் சுவர் விரிசல் விடுவதும் இதே குணத்தால்தான்.

உங்கள் மண் எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டல் ஓரிரு மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். செடி வைக்கும் முன்பும், கடைக்கால் தோண்டும் முன்பும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.