நடந்தால் வலி, நின்றால் சுகம்

கடைத்தெரு வரை நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. ஐந்து நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. "வயசாயிடுச்சு" என்று தள்ளிவிடாதீர்கள். காலுக்குப் போகும் தமனியில் கொழுப்பு படிந்து அடைத்தாலும் இப்படித்தான் வலிக்கும். புகையும் சர்க்கரை நோயும் முக்கியக் காரணங்கள்.

நடக்கும்போது ரத்தம் போதாமல் தவித்து, நின்றதும் மறுபடி ரத்தம் பாய்ந்து, இப்படி மாறி மாறி நிகழ்வதால் தசைக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது, தசைநார் மெலிகிறது. அதனால்தான் அடைப்பை நீக்கினாலும் பழைய பலம் முழுதாகத் திரும்புவதில்லை.

அடைப்பைக் கண்டறிய, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு என்று அர்த்தம்.

முரணாகத் தோன்றினாலும், மருந்து மாத்திரையோடு நடையும் சிகிச்சைதான். வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும். வாரம் 3 நாள், 12 வாரம், மருத்துவர் மேற்பார்வையில். கையில் பீடியோடு நடந்தால் மட்டும் பலன் கிடைக்காது!