புறாவுக்குக் கட்டின வலை பூனையைத் தாங்குமா?

போன எபிசோடுல வாடகை வீட்டுச் சுவத்துல ஷெல்ஃப் மாட்டறதைப் பத்திப் பேசினோம் இல்லையா, அதுக்கு நிறைய வாய்ஸ் நோட் வந்திருக்கு. அதுல ஒண்ணு இங்க பக்கத்துலயே, நொளம்பூர்ல இருந்து. மூணாவது மாடி ஃபிளாட், ரெண்டு வயசுப் பூனை. "பால்கனியில பூனை ஏறி உக்கார மூணு படி ஷெல்ஃப் அடிக்கணும், என்ன ஸ்க்ரூ வாங்கணும்?"னு கேட்டிருக்காங்க. கூடவே ஒரு வரி: "ஏற்கெனவே பிஜன் நெட் போட்டாச்சு, அதனால பயமில்லை."

ஸ்க்ரூ சைஸை ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம். அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துச்சு. அதனால இந்த எபிசோடு முழுக்க நெட் மட்டும்தான்.

முகப்பேர் ஈஸ்ட், வெஸ்ட், எந்தத் தெருவுல நடந்தாலும் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க. வரிசையா பால்கனி, வரிசையா வலை. எல்லாமே புறாவுக்காகப் போட்டது. புறா வெளியில இருந்து வரும். முன்னூறு, நானூறு கிராம் இருக்கும். வலையைப் பார்த்தா, வழி இல்லைன்னு பக்கத்து வீட்டு ஏசி மேல போய் உக்காந்துடும். பூனை உள்ள இருந்து வரும். நாலு கிலோ. நகத்தை மாட்டி ஏறும், கடிக்கும், தினமும் அதே மூலையில மூக்கை விட்டு டெஸ்ட் பண்ணும். இவ்வளவு பொறுமையான ஆளை எங்க ஆபீஸ் டெஸ்டிங் டீம்லகூட நான் பார்த்ததில்லை. வெளியில இருந்து வர்றதைத் தடுக்கறதுக்குன்னு டிசைன் பண்ணின ஒண்ணை, உள்ள இருக்கறதைக் காப்பாத்தறதுக்கு நம்பறோம். பிரச்சினை அங்கதான்.

உடனே ஒருத்தர் சொல்லுவார்: "பூனைதானே, எப்படி விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும்." திரும்பறது உண்மைதான். தலைகீழா விட்டாலும் ஒரு மீட்டருக்குள்ள உடம்பை முறுக்கித் திருப்பிக்கும். 1894லயே எத்தியேன் ஜூல் மாரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அதை வரிசையா போட்டோ எடுத்துக் காட்டியிருக்கார். ஆனா திரும்பறது வேற, தாங்கறது வேற. மூணாவது மாடி பால்கனி தரையில இருந்து பத்து மீட்டர்னு வெச்சுக்கோங்க. கீழ வர ஒன்றரை செகண்டுகூட ஆகாது. தரையில மோதற வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பாரி சாலையில ஒரு ஸ்கூட்டி காலியான ரோட்டுல போற வேகம் அது.

இதுல ஒரு பிரபலமான ஆய்வு உண்டு, நீங்களும் ரீல்ஸ்ல கேட்டிருப்பீங்க. நியூயார்க்ல அனிமல் மெடிக்கல் சென்டர்னு ஒரு ஆஸ்பத்திரி. மாடியில இருந்து விழுந்து அங்க வந்த 132 பூனைகளைப் பத்தி விட்னி, மெல்ஹாஃப்னு ரெண்டு டாக்டர்கள் 1987ல எழுதினாங்க. ரெண்டாவது மாடியில இருந்து 32வது மாடி வரைக்கும் விழுந்த பூனைகள். சிகிச்சை கொடுத்ததுல 90 சதவீதம் பிழைச்சது. ஏழு மாடிக்கு மேல விழுந்ததுக்குக் காயம் கம்மியா இருந்ததுன்னும் ஒரு கணக்கு வந்தது. அதை வெச்சு "உயரமா இருந்தா சேஃப்"னு ஒரு கூட்டமே பேசிட்டிருக்கு.

இங்க கொஞ்சம் நில்லுங்க. கணக்குல வந்தது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்த பூனைகள் மட்டும். ரோட்டுலயே செத்துப்போனதை யாரும் டாக்டர்கிட்ட கொண்டு வர மாட்டாங்க, அது லிஸ்ட்லயே இருக்காது. ரெண்டாம் உலகப் போர்ல ஏப்ரஹாம் வால்ட்னு ஒரு புள்ளியியல் நிபுணர் இதே விஷயத்தைத்தான் சொன்னார்: திரும்பி வந்த விமானத்துல எங்க ஓட்டை இருக்குன்னு பார்த்து அங்க கவசம் போடாதே, அடிபட்டுத் திரும்பாம போனதை யோசி. அதனால அந்த 90 சதவீதத்தை நம்பி பால்கனிக் கதவைத் திறந்து வைக்காதீங்க. அந்த ஆய்வுல நாம எடுத்துக்க வேண்டியது காய லிஸ்ட்: நெஞ்சு, முகம், கால். இதுக்குக் கடைசியில வர்றேன்.

சரி, வலை. முதல்ல கண் அளவு. பூனையோட தோள்பட்டை எலும்பு மத்த எலும்போட இறுக்கமா கோத்திருக்காது. அதனால தலை நுழைஞ்சா பெரும்பாலும் உடம்பும் நுழைஞ்சிடும். பெரிய பூனைக்கு ஒன்றரை இஞ்ச் பரவாயில்ல. குட்டின்னா ஒரு இஞ்ச். இப்ப புது அபார்ட்மென்ட்ல எல்லாம் இன்விசிபிள் கிரில் போடறாங்க, ஸ்டீல் கம்பி. பார்க்க அழகுதான், ஆனா ரெண்டு இஞ்ச், மூணு இஞ்ச் இடைவெளி விடுவாங்க. குழந்தைக்கு ஓகே. பூனைக் குட்டி அதுல நடந்தே வெளிய போயிடும்.

அடுத்தது, பழைய நைலான் வலை. நம்ம ஊர் வெயில்ல அது நாளாக நாளாக நைஞ்சு போகும், பார்த்தா தெரியாது. ஒரு கண்ணை ரெண்டு விரல்ல பிடிச்சுப் பலமா இழுங்க. பட்டுனு வந்தா, அது வலை இல்ல, அலங்காரம். மாத்தும்போது யூவி தாங்கற முடிச்சு வலைன்னு கேட்டு வாங்குங்க. கடிக்கிற பூனைன்னா கீழ் மூணு அடிக்கு ஜிஐ வெல்டு மெஷ்.

வலையை விட முக்கியம் அது மாட்டற ஹூக். ஒரு சின்னக் கணக்கு. நாலு கிலோ பூனை, வெளியில உக்காந்திருக்கற புறாவைப் பார்த்து ஓடி வந்து, செகண்டுக்கு மூணு மீட்டர் வேகத்துல வலையில மோதுது. வலை 15 சென்டிமீட்டர் வளைஞ்சு கொடுத்தா, சராசரியா 12 கிலோ எடை தொங்கற மாதிரி இழுக்கும். மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டி 5 சென்டிமீட்டர்தான் வளையும்னா, அதே மோதல் 36 கிலோ. அதனால ரொம்ப விறைப்பாவும் வேண்டாம். தொளதொளன்னு விட்டு ஓரத்துல சந்து வர்ற மாதிரியும் வேண்டாம். சுத்தி நாலு பக்கமும் கயிறு ஓட்டி, ஒவ்வொரு கண்ணையும் அதுல கோத்து, அந்தக் கயிறை ஹூக்ல மாட்டணும். புறாவுக்குப் போடறவங்க பல இடத்துல ஒன்றரை அடிக்கு ஒரு ஹூக் அடிச்சுட்டு, கீழ்ப்பக்கம் நாலு முடிச்சு போட்டுட்டுப் போயிடறாங்க. பூனை வேலை செய்யறதே அந்தக் கீழ்ப்பக்கத்துலதான். 20 சென்டிமீட்டருக்கு ஒண்ணு வைங்க.

ட்ரில் பண்ணும்போது வர்ற முதல் ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் வெறும் பூச்சு. பிளக் அதுலயே நின்னா ஹூக் கையோட வந்துடும். பூச்சைத் தாண்டி உள்ள நாலு சென்டிமீட்டர் போகணும். தூணோட விளிம்புல இருந்து அஞ்சு சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்க, இல்லன்னா முனை உடையும். புதுக் கட்டடத்துல சுவர் லைட்வெயிட் பிளாக்கா இருந்தா சாதா பிளக் பிடிக்காது, அதுக்குன்னு நீளமான நைலான் பிளக் கேளுங்க. கைப்பிடிச் சுவரோட மேல்பக்கத்துல மட்டும் ஓட்டை போட வேண்டாம். மழைத் தண்ணி நேரா உள்ள இறங்கும். உள்பக்கமா பக்கவாட்டுல போட்டு சிலிகான் அடைச்சிடுங்க.

வாடகை வீடு, ஓனர் ட்ரில் பண்ணக் கூடாதுன்னா? ஏரி ஸ்கீம், ஜெ.ஜெ. நகர் பக்கம் பழைய ஹவுசிங் போர்டு வீடா இருந்தா நீங்க லக்கி. பல வீட்டுல பால்கனிக்கு ஏற்கெனவே இரும்பு கிரில் இருக்கும். அதுமேல வெல்டு மெஷ்ஷை வெச்சு பைண்டிங் வயரால கட்டினா முடிஞ்சது. வெள்ளை கேபிள் டை வேண்டாம், வெயில்ல சீக்கிரம் நொறுங்கும். கறுப்புல யூவி டை கிடைக்கும். கிரில் இல்லாத, கண்ணாடித் தடுப்பு வெச்ச பால்கனின்னா, அளவெடுத்து ஒரு அலுமினிய ஃப்ரேம் அடிச்சு, தரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல முட்டுக் கொடுத்து நிறுத்தலாம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துல இருந்துட்டு ஃபேப்ரிகேஷனுக்கு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணாதீங்க ப்ளீஸ். ஒரு பேப்பர்ல படம் போட்டு எடுத்துட்டுப் போனா, வெட்டித் தர்ற பட்டறை நிறைய இருக்கு. வீட்டைக் காலி பண்ணும்போது ஃப்ரேமையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம், அட்வான்ஸும் முழுசா வரும்.

அசோசியேஷன் விஷயம். ரெண்டு கேள்வியைக் கலந்துக்காதீங்க. "பூனையே வளர்க்கக் கூடாது"ன்னு அவங்க தடை போட முடியாது. மெஜாரிட்டி ஓட்டு போட்டாலும் முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. ஆனா "வெளியில தெரியற மாதிரி கறுப்பு மெஷ் போட்டா பில்டிங் முகப்பு கெடும்"னு சொன்னா அது வேற பேச்சு. அங்க போய் சட்டம் பேசாதீங்க, வலை கலரைப் பேசுங்க. ஃப்ரேமை கைப்பிடிக்கு உள்பக்கம் வெச்சா பாதி சண்டை வராது. மாநகராட்சி பெட் லைசென்ஸையும் ஆன்லைன்ல எடுத்து வெச்சுக்கோங்க. வெறிநோய்த் தடுப்பூசி சான்றிதழ் வேணும். பேச்சுவார்த்தையில அந்த ஒரு பேப்பருக்கு நல்ல வெயிட் இருக்கு. ஓனர்கூட போட்ட அக்ரிமென்ட்ல செல்லப்பிராணி பத்தி என்ன இருக்குன்னு பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் பூனை விழுந்துடுச்சுன்னா, "எழுந்து நடக்குதே, நல்லாத்தான் இருக்கு"ன்னு விட்டுடாதீங்க. அந்த நியூயார்க் லிஸ்ட்ல நெஞ்சுக் காயம்தான் முதல்ல இருக்கு. நுரையீரல்ல அடிபட்டா வெளியில தெரியாது, மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சும் வரலாம். வாயைத் திறந்து மூச்சு விட்டா எமர்ஜென்சி. கழுத்தைப் பிடிச்சுத் தூக்காம, ஒரு டவலோட அட்டைப்பெட்டிக்குள்ள படுக்க வைங்க. முக்கியமா, வலிக்குதேன்னு வீட்டுல இருக்கற பாராசிட்டமால் கொடுக்காதீங்க. அரை மாத்திரைகூட கொல்லும். அதை முறிக்கிற என்சைம் பூனைக்கு ரொம்பக் குறைவு. நேரா டாக்டர்கிட்ட போங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நமக்கு ஒரு பெரிய வசதி, ஆனா இங்கிருந்து ட்ராஃபிக்ல எவ்வளவு நேரம்னு உங்களுக்கே தெரியும். பக்கத்துல ராத்திரி எந்த கிளினிக் திறந்திருக்கும்னு இன்னைக்கே போன் பண்ணிக் கேட்டு, நம்பரை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க.

நொளம்பூர் தோழிக்கு: ஷெல்ஃபுக்கு 6 எம்எம் பிளக், ரெண்டு இஞ்ச் ஸ்க்ரூ. ஆனா முதல்ல வலையை இழுத்துப் பாருங்க, என்ன ஆச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. படியோட உயரம், அகலம், மேல ஒட்டற சாக்கு எல்லாம் அடுத்த வாரம்.