பச்சையாக ஒளிர்ந்தால் அது நைட்ரிக் ஆக்ஸைடா?

போன எபிசோடுல நைட்ரிக் ஆக்ஸைடு ரத்தக்குழாயை எப்படித் தளர்த்துதுன்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் எழுதியிருந்தார்: "சில நொடியில காணாமப் போற வாயு அது. உயிருள்ள குழாய்க்குள்ள அதை எப்படிங்க பார்க்கிறீங்க?"

நேரடியா பார்க்கிறதில்லை. அதான் பதில். இன்னைக்கு முழுக்க அந்தச் சிக்கலைப் பத்தித்தான்.

1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஒன்றைக் காட்டினார். அசிட்டைல்கோலின் கொடுத்தால் துண்டு தளர்கிறது. உள்பக்கம் இருக்கும் எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் அடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்வதில்லை. அந்த அடுக்கு எதையோ வெளியிடுகிறது. அந்த 'எதையோ' நைட்ரிக் ஆக்ஸைடு என்று தெரிய 1987 ஆகிவிட்டது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு.

அதே 1998-ல் டோக்கியோவில் நகானோ குழு டிஏஎஃப்-2 என்ற ஒளிரும் சாயத்தை வெளியிட்டது. தனியாக இருக்கும்போது அது கிட்டத்தட்ட இருட்டு. நைட்ரிக் ஆக்ஸைடு ஆக்ஸிஜனோடு சேர்ந்து உருவாகும் பொருள் வந்து ஒட்டியதும் ஒரு புது வளையம் உண்டாகும். அப்புறம் 495 நானோமீட்டர் நீல ஒளி பட்டால், 515-ல் பச்சையாக ஒளிரும். செல்லுக்குள் நுழைய இரண்டு அசிட்டேட் தொகுதிகளை மாட்டி அனுப்புவார்கள். உள்ளே போனதும் செல்லின் நொதிகளே அவற்றை வெட்டிவிடும், சாயம் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். கெட்டிக்காரத்தனம்தான்!

இப்ப என் கதை. ஆய்வு மாணவனா இருந்தப்ப, ரத்த அழுத்தம் அதிகமுள்ள எலியின் பெருந்தமனியை நீளவாக்கில வெட்டி, உள்பக்கம் மேல வர்ற மாதிரி விரிச்சு, சாயத்தில ஊறவச்சு நுண்ணோக்கியில பார்த்தேன். பளீர்னு பச்சை. சாதாரண எலிக்கும் அதே அளவு. 'ரத்த அழுத்தம் இருந்தாலும் நைட்ரிக் ஆக்ஸைடு குறையலை'ன்னு கூட்டத்துக்குப் படமெல்லாம் தயார் பண்ணிட்டேன். ஆய்வகத்தில மூத்த அக்கா ஒருத்தங்க பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டாங்க: "தம்பி, எல்-நேம் போட்டுப் பார்த்தியா?"

எல்-நேம், நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிக்கும் நொதியை முடக்கும் மருந்து. போட்டேன். பச்சை அப்படியே இருந்துச்சு. சாயமே போடாத துண்டைப் பார்த்தேன். அதுவும் பச்சை!

எண்டோதீலியத்துக்கு நேர் கீழே இருப்பது எலாஸ்டின் தகடு. தமனிக்கு மீள்தன்மை தரும் புரதம் அது. நீல ஒளி பட்டால் தானாகவே பச்சையாக ஒளிரும். நான் இத்தனை நாள் படம் எடுத்தது பெரும்பாலும் அதைத்தான்.

இது போக வேற தொல்லைகளும் உண்டு. வைட்டமின் சி ஆக்ஸிஜனேற்றம் அடைஞ்சு வர்ற பொருளும் டிஏஎஃப்-2 ஓட வினைபுரிஞ்சு ஒளிரும். வைட்டமின் சி குழாய்க்கு நல்லதான்னு இந்தச் சாயத்தை வச்சு சோதிக்கிறவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அதோட, ஒட்டினது மறுபடி பிரியாது. அதனால தெரியறது இந்த நிமிஷ அளவு இல்லை, இதுவரை சேர்ந்த மொத்தம். 2006-ல் லிப்பார்ட் குழு நைட்ரிக் ஆக்ஸைடோடு நேரடியா வினைபுரியும் செம்புச் சாயம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது தனி எபிசோடுக்கான விஷயம்.

நான் எல்லாத்தையும் திரும்பச் செய்தேன். முதல்ல சாயமில்லாத துண்டின் ஒளியைக் கழிச்சேன். மொத்தப் பிரகாசத்தை விட்டுட்டு, அசிட்டைல்கோலின் போட்ட பிறகு எவ்வளவு வேகமா ஏறுதுன்னு மட்டும் பார்த்தேன். மிச்சமிருந்த பச்சை ரொம்ப மங்கல். ஆனா சாதாரண எலியில அது ஏறுச்சு, எல்-நேம் போட்ட துண்டுல ஏறலை. ரத்த அழுத்த எலியிலயும் ஏறுச்சு, பாதிகூட இல்லை.