எடுத்துக் கொடுக்கும் கை

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இளைஞர்கள் மாலைதோறும் ஆடும் கைப்பந்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். பந்தை ஓங்கி அடிப்பவனைக் கண்டே யாவரும் ஆர்ப்பரிக்கின்றனர். அப்பந்தை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவன் யாவன் என்று வினவுவார் அரியர். அங்ஙனம் எடுத்துக் கொடுத்தே புகழெய்திய பிரேசில் நாட்டுப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

வலையருகே தடுப்பது நீங்கலாக, ஓர் அணியினர் மும்முறைக்குமேல் பந்தைத் தொடலாகாது. முதலது எதிரியின் பந்தை ஏற்பது, மூன்றாவது அடிப்பது, இடைப்பட்டது செட்டருக்கு உரியது. வந்த பந்து கோணலாயினும் தாழ்ந்ததாயினும், அதனைப் பற்றி நிறுத்தாது விரல்நுனிகளால் ஏந்தி, அடிப்பவர் எழும்பும் உயரத்திற்கு அவர்க்கேற்ற வேகத்தில் அனுப்புதல் வேண்டும். யார்க்குக் கொடுப்பதென்று கணப்பொழுதில் தேர்தல் வேண்டும். அத்தேர்வைத் தம் தோளும் முகமும் எதிரணிக்குக் காட்டிக் கொடாதிருத்தலும் வேண்டும். நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் கொடையை முதற்கண் வைத்தனர் நம் இலக்கண நூலார். செட்டரை ஆடுகளத்து நான்காம் வேற்றுமை என்றே யான் மாணவர்க்குக் கூறுவது. வகுப்பறைப் பழக்கம், பொறுத்தருள்க.

அப்பெண்மணியின் பெயர் ஹேலியா. 1970இல் சாவோ பாவுலோ நகரிற் பிறந்தவர். உப்பிய கன்னமுடைய தொலைக்காட்சிப் பாத்திரமொன்றின் பெயரால் தோழியர் 'ஃபொஃபாவ்' என்றழைக்க, அதுவே உலகறிந்த பெயராயிற்று. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கிற்குச் சென்றார். 1996இல் அட்லாண்டாவுக்குச் சென்றார். ஆயினும் அக்காலத்து முதன்மைச் செட்டர் ஃபெர்னாண்டா வென்டுரினி என்னும் பேராற்றல் வாய்ந்தவர். ஆகவே இவர்க்கு வாய்த்தது பெரும்பாலும் காத்திருக்கும் பலகையே. அட்லாண்டாவில் அணி வெண்கலம் பெற்றது. ஃபெர்னாண்டா விலகியிருந்த 2000ஆம் ஆண்டில், சிட்னியில் இவரே முன்னின்று ஆடி, மீண்டும் வெண்கலம் கொணர்ந்தார்.

இனிதான் சோதனை. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்கு ஃபெர்னாண்டா திரும்பினார். ஃபொஃபாவ் மறுபடியும் மாற்றாளரானார். முப்பத்துநான்கு வயதில், ஒருமுறை ஏறிய படியினின்றும் இறங்கி அமர்வதென்பது எளிதோ? நம்மிற் பலர் சங்கத்து நிருவாகக் குழுவில் ஓரிடம் பின்தள்ளப்பட்டாலே வீட்டைவிட்டு வெளிவருவதில்லை! அவரோ அணியை விட்டகலவில்லை. அவ்வாண்டு அரையிறுதியில் ருஷியாவை எதிர்த்து, இரண்டுக்கு ஒன்றென முந்தி, நான்காம் ஆட்டத்தில் 24-19 என நின்ற பிரேசில் அதனை 28-26 என இழந்து, ஐந்தாவதையும் 16-14 என இழந்தது. வெண்கலமும் கியூபாவுக்குப் போயிற்று. அந்நாட்டார் அதனை நெடுநாள் மறக்கவில்லை. மகளிர் அணி அஞ்சி நடுங்குவதென்னும் பழிச்சொல் நிலைத்தது.

பின்னர் இத்தாலியின் பெருஜியா கழகத்தில் ஆடி, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியச் சாம்பியன் பட்டங்களில் பங்கு கொண்டார். 2008இல் பெய்ஜிங் சென்றபோது அவருக்கு வயது 38, அது ஐந்தாம் ஒலிம்பிக், அவரே அணித்தலைவி. இறுதியாட்டம் வரை பிரேசில் ஓர் ஆட்டத்தையேனும் இழக்கவில்லை. ஆகஸ்டு 23ஆம் நாள் அமெரிக்காவுடன் பொருதபோது இரண்டாவதை மட்டும் இழந்து, 25-15, 18-25, 25-13, 25-21 என வென்றது. பிரேசில் மகளிர் கைப்பந்தில் பெற்ற முதல் ஒலிம்பிக் பொன் அதுவே. போட்டியின் சிறந்த செட்டர் என்ற பட்டமும் அவர்க்கே வழங்கப்பெற்றது.

அதன்பின் நாட்டணியினின்றும் விலகினார்; கழக ஆட்டத்தை விட்டாரல்லர். 2015இல், தம் 45ஆம் வயதிலேதான் ஆட்டத்தினின்றும் ஓய்வு கொண்டார்.